சத்தத்துக்கு முன்னால்

முதலில் பொன்செல்வியின் கால் துள்ளியது. அதற்கப்புறம்தான் அடுக்களையில் டம்ளர் விழுந்தது.

பிசியோதெரபி செய்ய வந்திருந்த பிரிஸில்லாவின் இரண்டு கைகளும் அந்தக் காலில்தான் இருந்தன; இடது கை குதிகாலுக்கு அடியில், வலது கை முழங்காலுக்கு மேல். சுடுநீர்ப் பை வைத்து எடுத்த தோலின் வெதுவெதுப்பும், தேங்காயெண்ணெய் வாடையும், ஜன்னல் வழியே வாழைத்தோட்டத்திலிருந்து வரும் ஈரக் காற்றும் சேர்ந்து அறையையே தூக்கக் கலக்கத்தில் வைத்திருந்த சாயங்கால நேரம். கெண்டைக்கால் தசை கொஞ்சம் கொஞ்சமாக இளகிவருவதை அவள் விரல்நுனியில் ரசித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று அது கல்லானது. கால் விரல்கள் உள்ளே மடங்கின, இடுப்பு கட்டிலைவிட்டு ஒரு சாண் எழும்பியது, பற்கள் நறநறவென்று கடிபட்டன. என்ன ஆயிற்று என்று பிரிஸில்லா தலையைத் தூக்கிப் பார்க்கிற அளவுக்கு நேரம் இருந்தது. அதன் பிறகே எவர்சில்வர் டம்ளர் தரையில் விழுந்து, உருண்டு, சுவரில் முட்டி நின்றது.

வரிசை தவறியிருந்தது. இந்த நோயில் சத்தம் முன்னால் வரும், இழுப்பு பின்னால் வரும். ஒருவருடைய எதிர்ப்புச் சக்தியே அவருடைய நரம்புகளைப் பகையாளி என்று நினைத்துத் தாக்கும் நோய் இது. பத்து லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வருவது. தசையை இறுக்கு என்று சொல்லும் நரம்பு வேலை செய்யும். போதும் விடு என்று சொல்லும் நரம்பு ஊமையாகிவிடும். முதுகும் வயிறும் தொடையும் எந்நேரமும் கட்டையாய்க் கிடக்கும். கதவு அடித்தால், நாய் குரைத்தால், சொல்லாமல் யாராவது தொட்டால் உடம்பு மொத்தமும் வெட்டி இழுக்கும். புத்தி மட்டும் ஒரு குறையும் இல்லாமல் விழித்திருக்கும். போன வருஷம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் வெடி போட்டார்கள். அந்த ஒரே இழுப்பில் பொன்செல்வியின் காறை எலும்பு முறிந்தது. அடுத்த பெரிய இழுப்பில் முதுகெலும்பு போகலாம், அல்லது மூச்சே நின்றுபோகலாம் என்று மதுரை டாக்டர் அவள் கணவன் மகாராஜனிடம் சொல்லியிருந்தார்.

அதனால் அந்த வீட்டில் சத்தத்தை ஒழித்திருந்தார்கள். வாசல் மணியின் ஒயரைப் பிடுங்கியாயிற்று. குக்கர் பரணுக்குப் போயிற்று. கதவு நிலைகளில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி ஆணி அடித்திருந்தார்கள், கோழிகளைக் கொடுத்துவிட்டார்கள், எல்லாருடைய செல்போனும் ஊமை. சமையல் வேலைக்கு வரும் இசக்கித்தாய் கொலுசைக் கழற்றி இரண்டு வருஷமாகிறது. தொடுவதற்கு முன்னால் சொல்லித்தான் தொட வேண்டும் என்பது பிரிஸில்லாவின் விதி. "அக்கா, கை வைக்கப் போறேன்" என்பாள், ஒரு மூச்சு விடுவாள், பிறகே வைப்பாள். ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்னாலும் ஒரு தடவைகூட விட்டதில்லை.

கட்டிலின் தலைமாட்டில் ஒரு நோட்டு தொங்கியது. அதுவும் பிரிஸில்லா கொண்டுவந்த வழக்கம்தான். இடது பக்கம் இழுப்பு வந்த நேரம், வலது பக்கம் காரணம். அவள் இல்லாத நேரத்தில் வீட்டுக்காரர்கள் எழுத வேண்டும். எந்தச் சத்தம் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்தால்தான் மருந்தையும் பயிற்சியையும் கூட்டிக் குறைக்க முடியும். அன்று அவள் பேனாவை எடுத்து 4.17 என்று எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் டம்ளர் என்று எழுதிவிட்டு, சற்று யோசித்து, 'இழுப்புக்குப் பின்' என்றும் சேர்த்தாள். அவள் நேர்மையானவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"நீயும் பாத்துட்டியா பிள்ளே" என்றாள் பொன்செல்வி, இறுகிய தாடைக்குள்ளிருந்து. "ரெண்டு நாளா இப்படித்தான் இருக்கு. மொதல்ல எனக்கு வருது. பொறவுதான் சத்தம் வருது."

இசக்கித்தாய் காலடி ஓசை ஏதாவது கேட்டிருக்கும், அதில் உடம்பு உஷாராகியிருக்கும் என்று பிரிஸில்லா சமாதானம் சொன்னாள். பேய் பிசாசு என்றால் சிரிக்கிற பாளையங்கோட்டைக்காரி அவள். அப்பா அம்மா இரண்டு பேரும் வாத்தியார்கள்; எதற்கும் ஒரு காரணம் கேட்டு வளர்ந்த பெண். ஆனால் அன்று ஸ்கூட்டரை எடுக்கும்போது ஒரு தடவை திரும்பி அடுக்களை ஜன்னலைப் பார்த்தாள். ஒரு டம்ளர் இரண்டு வினாடி பிந்தி விழுந்ததற்காக இப்படிப் பயப்படுவதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பொன்செல்வி மேல் அவளுக்கு இருந்தது வெறும் தொழில் பாசம் அல்ல. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள் பொன்செல்வி. மைதானத்தில் விசிலை வாயில் வைத்தால் ஐந்நூறு பிள்ளைகள் நிமிர்ந்து நிற்கும். விளையாட்டு விழாவில் ஓட்டம் தொடங்கத் துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டவள், தான் சுட்ட சத்தத்துக்கே மரம்போலச் சாய்ந்தாள். அதற்கப்புறம் மூன்று வருஷம் நடிப்பு என்றார்கள், மனநோய் என்றார்கள், காத்துக்கருப்பு என்றார்கள். இரத்தத்தில் கண்டுபிடித்து நோய்க்குப் பெயர் சொன்ன பிறகுதான் பிரிஸில்லா வந்தாள். ஐந்து மாதமாகிறது. வைகாசி முடிவதற்குள் வீட்டுப் பின்னாலிருக்கும் ஆற்றுப் படித்துறைக்கு உங்களை நடத்திக் கூட்டிக்கொண்டு போவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். இரண்டு பேரும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை 4.05க்கு இழுத்தது. வீடு அமைதியாக இருந்தது. பிரிஸில்லா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் மூச்சைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. சரி, காரணமில்லாத இழுப்பு, இந்த நோயில் அதுவும் உண்டு என்று நிம்மதியாகப் பேனாவை எடுத்தபோது, முற்றத்தில் காய்ந்த தென்னை மட்டை ஒன்று தகரக் கூரைமேல் விழுந்தது. 4.06. அந்தச் சத்தத்துக்குப் பொன்செல்வியின் உடம்பு அசையவே இல்லை. அந்தச் சத்தத்துக்கான இழுப்பு ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது.

வியாழக்கிழமை வந்தது அந்த மாதிரிச் சின்ன இழுப்பல்ல. 4.10க்கு முதுகு வில்லாக வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் மெத்தையில் ஊன்றி நின்றன. கீழுதட்டில் பல் இறங்கி இரத்தம் காதுவரை வழிந்தது. மூடிய உள்ளங்கைக்குள் நகங்கள் புதைந்துபோயின. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கப் பிரிஸில்லாவுக்குக் கால் மணி நேரமானது. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, "மூச்ச பைய விடுங்கக்கா, பைய, பைய" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. காரணம் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் புறப்பட்டாள்.

மெயின் ரோட்டிலிருந்து ஊர்ப்பாதை பிரியும் மேலக்கரை விலக்கில், நேசையாவின் பஞ்சர் கடை முன்னால் கூட்டம் நின்றது. அவளுடைய ஸ்கூட்டருக்கு வாராவாரம் காற்று அடித்துக் கொடுக்கிறவர் நேசையா. காசு கொடுத்தால் வாங்க மாட்டார், சபைப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போ என்பார். வாழைக்காய் லாரியின் டயருக்குக் காற்றடிக்கும்போது அது வெடித்திருந்தது. இரும்பு வளையம் பிய்த்துக்கொண்டு கிளம்பி அவருடைய முகத்தின் கீழ்ப்பாதியைக் கொண்டுபோயிருந்தது. யாரோ வாழை இலையால் மூடியிருந்தார்கள். இலை காற்றில் தூக்கித் தூக்கி விழுந்தது. கடைச் சுவரில் அவர் தலை உயரத்துக்கு ஒரு கறை, அதில் ரப்பர் துணுக்குகள். எத்தனை மணிக்கு என்று பிரிஸில்லா கேட்டாள். ஏன் கேட்டோம் என்று பிறகு எத்தனையோ தடவை நொந்துகொண்டாள். நாலே முக்கால் என்றார்கள்.

டம்ளருக்கு இரண்டு வினாடி. மட்டைக்கு ஒரு நிமிஷம். நேசையாவுக்கு முப்பத்தைந்து நிமிஷம். சத்தம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு முன்னால் இழுக்கிறது, அவ்வளவு பலமாக இழுக்கிறது. வழியெல்லாம் வயலில் நாற்றின் பச்சை வாடை அடித்தது. முன்னீர்பள்ளம் தாண்டும்வரை இதையேதான் மனசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தது.

மறுநாள் நோட்டைத் திறந்தபோது காலியாக விட்ட கட்டத்தில் மகாராஜனின் கையெழுத்து இருந்தது. 'டயர் வெடி. 4.45. நேசையா.'

மகாராஜன் வாழையும் நெல்லும் போடுகிற சம்சாரி. மனைவிக்காகச் செருப்பில்லாமல் நடந்து பழகிய மனுஷன். அன்று அவர் அறைக்குள் வராமல் நிலைப்படியில் நின்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை பேச்சியம்மன் கோவில் கொடைத் திருவிழா. கோவில் வீட்டிலிருந்து நூறு அடிகூட இல்லை. தவிலும் பம்பையும் வில்லுப்பாட்டும் ஒலிபெருக்கியும் மூன்று நாள் முழங்கும். அதற்காக ஞாயிறு ராத்திரிக்குள்ளோ திங்கள் காலையிலோ பொன்செல்வியைப் பாளையங்கோட்டையில் பிரிஸில்லாவின் வீட்டு மாடிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஒரு மாதத்துக்கு முன்பே பேசி முடித்திருந்தார்கள். கார் சொல்லியாயிற்றா என்று பிரிஸில்லா கேட்டாள். அவர் தலைமாட்டில் தொங்கிய நோட்டைக் காட்டினார்.

"டாக்டரம்மா, இந்த நோட்டுல நீங்க எழுதினதெல்லாம் நெசந்தான?"

நிஜம்தான், ஆனால் அதற்கு அர்த்தம் வேறு என்று அவள் தொடங்கினாள்.

"இழுப்புக்குப் பின்னு நீங்கதான எழுதியிருக்கிய. நானா எழுதுனா ஊர்ல சிரிப்பாவ. நீங்க வேதக்காரவுக, படிச்சவுக. உங்க கையெழுத்துல இருக்கு."

அவர் குரலில் சண்டை இல்லை. சந்தோஷம்தான் இருந்தது, அதுவும் வெட்கப்படுகிற சந்தோஷம். அவருடைய அப்பாதான் அந்தக் கோவில் கோமரத்தாடி. கொடையில் அம்மன் அவர்மேல் இறங்கிக் குறி சொல்லும். அவர் செத்து மூன்று வருஷமாயிற்று. மூன்று கொடையாக அம்மன் யார்மேலும் வரவில்லை. மேளம் அடித்து அடித்துக் கை வலித்து, ஊர் வெறும் வாயோடு கலைந்து போகிறது. எப்போது கேட்டாலும் கோவில் தலைவர் ஐயம்பெருமாள் அண்ணாச்சி, உங்க குடும்பத்தில்தான் அது நிற்கிறது, வெளியே போகாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது நோட்டை அவரிடமும் காட்டியாயிற்று; அம்மன் பொன்செல்விமேல்தான் வந்திருக்கிறாள் என்று அவரும் சொல்லிவிட்டார்.

பிரிஸில்லா நரம்பைப் பற்றிச் சொன்னாள். தூரத்து அதிர்வுகளை மூளை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளலாம் என்று தானே நம்பாத ஒன்றைச் சொன்னாள். மேளச் சத்தத்தில் ஐந்து நிமிஷம் நிறுத்தினால் அக்கா செத்துப்போவாள் என்று மட்டும் உறுதியாகச் சொன்னாள். அதற்கு மேல் அவர்கள் சாமியைப் பற்றிப் பேச அவளுக்கு வாய் எழவில்லை. சர்ச்சுக்குப் போகிற ஒருத்தி இதில் என்ன சொல்வது என்று தயங்கினாள். மகாராஜன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். திங்கள் காலையில் கார் வந்துவிடும் என்றார்.

அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நோட்டில் ஒரு தாள் கிழிந்தாலும் அதற்கப்புறம் அது நோட்டில்லை என்று தன்னிடம் பயிற்சிக்கு வந்த மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள். கிழிக்கவில்லை.

சனிக்கிழமை அதிசயமாக ஒரு இழுப்பும் இல்லை. நடைப் பயிற்சிக்காக அறையில் நட்டிருந்த இரண்டு கம்பிகளுக்கு நடுவில் பொன்செல்வி எழுந்து நின்றாள். கம்பியிலிருந்து கையை எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அடி. நெற்றி வியர்வை மூக்கில் இறங்க, சிறுபிள்ளைபோலச் சிரித்தாள். பிரிஸில்லா அவளைக் கட்டிக்கொள்ளப் போனவள், சட்டென்று நின்று, கை வைக்கப் போறேன் என்று சொல்லிவிட்டுக் கட்டிக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தில்தான் பொன்செல்வி காதுக்குள் சொன்னாள்.

"பெருசா ஒண்ணு வருது பிள்ளே. ரொம்ப தூரத்துல இருக்கு. உள்ளங்காலுக்கு அடியில தொடங்குது. இதுவரைக்கும் வந்ததெல்லாம் ஒண்ணுமில்ல. என்னை இங்கன விட்டுட்டுப் போயிராத."

திங்கள் காலையில் கார் வரவில்லை. பிரிஸில்லா கூப்பிடக் கூப்பிட மகாராஜனின் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த வீட்டில் அடித்தால் யாருக்குக் கேட்கும்? மத்தியானம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. கார் கிடைக்கவில்லை, விடிந்ததும் வருகிறோம் என்று. பிரிஸில்லா அதை நம்பினாள். நம்புவது சுலபமாக இருந்தது. மாடி அறை ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்டு, மின்விசிறியின் கிரீச்சுக்கு எண்ணெய் போட்டு வைத்தாள். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்தாள்.

சேரன்மகாதேவி தாண்டியதுமே மேளம் தெரிந்தது. முதலில் காதுக்குக் கேட்கவில்லை, கைப்பிடியில் அதிர்ந்தது. விலக்கில் நேசையாவின் கடை பூட்டிக் கிடந்தது. சுவரில் அந்த உயரத்தில் மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வெயில் தலையைப் பிளந்தது. வாழைத்தோட்டங்களுக்கு நடுவே போகப் போக மேளச் சத்தம் சூடான காற்றைப்போல முகத்தில் வந்து மோதியது. இலைகள் எல்லாம் ஒரே தாளத்தில் நடுங்கிக்கொண்டிருந்தன.

வீடு திறந்து கிடந்தது. கதவு நிலைகளில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்திருந்தார்கள். கட்டில் காலி. மெத்தையில் உடம்பு பதிந்த பள்ளம், அதில் மஞ்சள் பொடி, உதிர்ந்த பிச்சிப்பூ. நோட்டு தலையணைமேல் விரிந்திருந்தது. மகாராஜனின் எழுத்து பக்கம் முழுவதும் இறங்கியது.

5.10 இழுப்பு. 5.40 இழுப்பு. 6.15. 7.00. 7.20. பதினான்கு வரிகள். வலது பக்கம் எல்லாக் கட்டமும் காலி. கடைசி வரி மட்டும் கோணலாக இருந்தது.

'11.25 இழுப்பு. எனக்கும் ஒரு தரம் தோள் இழுத்தது. இசக்கித்தாய்க்கும். அம்மன் அருள்.'

பிரிஸில்லா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு ஓடினாள்.

உச்சிக் கொடை நேரம். வேம்புகளுக்கு அடியில் ஊரே நின்றது. முந்நூறு நானூறு பேர் இருப்பார்கள். சாம்பிராணிப் புகை, வெட்டிய கிடாயின் இரத்த வாடை, எண்ணெய், வியர்வை. நடுவில் பொன்செல்வி. சிவப்புப் பட்டு, தலையோடு ஊற்றிய மஞ்சள் நீர், கழுத்து கொள்ளாத அரளி மாலை. படுத்தே கிடந்த உடம்பை நிமிர்த்தி நிற்க வைத்திருந்தார்கள். நான்கு ஆண்கள் இடுப்பிலும் அக்குளிலும் துண்டு போட்டுப் பிடித்திருந்தார்கள். தவில்காரர்கள் இரண்டு பேர் அவள் காதுக்கு ஒரு முழம் தள்ளி நின்று அடித்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் உடம்பு வெட்டியது. ஒவ்வொரு வெட்டுக்கும் குலவை.

"ஆத்தா வந்துட்டா! இன்னும் அடிங்கலே!"

கூட்டத்துக்குள் பிரிஸில்லா முட்டிக்கொண்டு போனாள். செருப்பைக் கழற்றச் சொல்லி யாரோ தோளைப் பிடித்தார்கள், கழற்றி எறிந்தாள். நிறுத்துங்க என்று கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. பொன்செல்வியின் வலது கை முழங்கைக்குக் கீழே மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. வாயோரம் இளஞ்சிவப்பு நுரை. இரண்டு பற்கள் மாலையில் ஒட்டியிருந்தன. கண்கள் மட்டும் அசைந்தன. அந்தக் கண்கள் பிரிஸில்லாவைக் கண்டுபிடித்தன. தெளிவான கண்கள். எல்லாம் தெரிந்துகொண்டிருந்த கண்கள்.

மகாராஜன் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தார். ஐயம்பெருமாள் அண்ணாச்சி வேப்பங்குழையை அவள் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்டார்.

"ஆத்தா, சொல்லு. என்ன வருது? ஊருக்கு என்ன வருது?"

அப்போது தொடை எலும்பு முறிந்தது. காய்ந்த பனமட்டையை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி. மேளத்தை மீறி அது கேட்டது. பக்கத்தில் நின்ற தவில்காரர் கையை நிறுத்தினார். அடுத்தவரும் நிறுத்தினார். பம்பை நின்றது. ஒலிபெருக்கியை யாரோ அணைத்தார்கள். குலவை பாதியில் அறுந்தது.

மேளம் நின்றுவிட்டது.

உடம்பு நிற்கவில்லை.

பிடித்திருந்தவர்களின் கையிலிருந்து துண்டுகள் பிய்த்துக்கொண்டு போயின. அவள் மல்லாக்க மண்ணில் விழுந்தாள். முதுகு எழும்பியது. இன்னும் எழும்பியது. தலையும் குதிகாலும் ஒன்றையொன்று தேடி நெருங்கின. விலா எலும்புகள் ஒவ்வொன்றாய் விட்டன. இடைவெளி விட்டு, நிதானமாக. யாரும் அசையவில்லை. அந்தச் சத்தம் ஒன்றுதான் கேட்டது.

பிரிஸில்லா மண்டியிட்டாள்.

"அக்கா, கை வைக்கப் போறேன்" என்றாள்.

ஒரு மூச்சு விட்டாள். வைத்தாள்.

முதுகெலும்பு அவள் உள்ளங்கைக்கு மேலேயே முறிந்தது. பொன்செல்வியின் வாய் திறந்தது. மூச்சு வெளியே வந்தது. உள்ளே போகவில்லை. அதன் பிறகு தசைகள் இளகின. தொடை, வயிறு, கழுத்து, தாடை. ஐந்து மாதமாக வெந்நீராலும் விரல்களாலும் கெஞ்சிக் கேட்டும் வராத இளக்கம் வந்துவிட்டது. கைக்குள் அவள் பச்சைப் பிள்ளையின் உடம்பைப்போலக் குழைந்து கிடந்தாள்.

பழக்கத்தில் பிரிஸில்லா கடிகாரத்தைப் பார்த்தாள். 12.20.

இழுப்பு, 12.20. காரணம்?

மேளமில்லை. மேளம் நின்ற பிறகுதான் பெரிய இழுப்பு வந்தது. டம்ளருக்கு இரண்டு வினாடி, நேசையாவுக்கு முப்பத்தைந்து நிமிஷம். இதற்கு எவ்வளவு நேரம்? விடியற்காலையிலிருந்தே உடம்பு சொல்லிக்கொண்டிருக்கிறதே. இவ்வளவு எலும்பை முறித்த ஒன்று. அது எவ்வளவு பெரிய சத்தம்?

அவள் தலையைத் தூக்கினாள். எல்லாரையும் ஓடச் சொல்ல வேண்டும். எங்கே ஓடுவது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தாள்.

அழுதுகொண்டிருந்த மகாராஜனின் தோள் துள்ளியது. அழுகை நின்றுபோனது. அவருடைய தாடை இறுகியது, கழுத்து நரம்புகள் கயிறாய் எழுந்தன. ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் கையிலிருந்த வேப்பங்குழை நசுங்கிச் சாறு சொட்டியது; நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. தவில்காரரின் விரல்கள் குச்சியோடு மடங்கிப் பூட்டிக்கொண்டன. குச்சி முறிந்தது. விரலும். வரிசையில் நின்ற பெண்கள். அவர்கள் இடுப்பில் இருந்த பிள்ளைகள். ஒரு பிள்ளை அம்மாவின் இடுப்பைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு, பலகைபோல, கீழே விழாமல். கிடாய் கட்டியிருந்த முளைக்கு அருகில் கால்களை விறைத்துக்கொண்டு நாய்கள்.

ஒருவரும் கத்தவில்லை. தாடை திறந்தால்தானே கத்த முடியும். நானூறு பேரின் கண்கள் மட்டும் இங்கும் அங்கும் உருண்டன.

எங்கிருந்தோ ஓர் எலும்பு விட்டது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

வெறுங்காலின் கீழே மண் சூடாக இருந்தது. உள்ளங்காலுக்கு அடியில், வெகு ஆழத்தில், ஏதோ தொட்டது. யாரும் சொல்லாமல் தொட்டது. பிரிஸில்லாவின் கால் விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கின. கெண்டைக்கால் கல்லானது. தொடை. இடுப்பு. பாதி திறந்த வாய் அப்படியே நின்றது.

கண்ணுக்கு நேரே கைக்கடிகாரம் இருந்தது. 12.24. மேற்கே மலை வெயிலில் அசையாமல் நின்றது. ஆறு ஓடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. 12.25.

அந்தச் சத்தம் இன்னும் வரவில்லை.